ராசாளிக்குப் போன சேவல்

அத்தாயிக்கு அந்த மூன்றுகால் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரரைக் கண்டால் அதைவிட.

வெங்கிடுசாமி கீழ்நாட்டுக்காரர், மலையடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கிறவர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் போட்டோப் பெட்டியை வாங்கியதிலிருந்து மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ராசாளிக் கழுகைப் படம் பிடிக்காமல் இறங்குவதில்லை என்று மலைமேலிருக்கும் குண்டூர் நாட்டுக்கு ஏறி வந்தார். அத்தாயியின் புருஷன் அண்ணாமலையிடம் வருஷாவருஷம் மிளகு வாங்குகிற குடும்பம் அவருடையது. அந்த முகத்துக்காக அண்ணாமலை மாட்டுக்கொட்டகையை ஒழித்துத் தங்கக் கொடுத்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான், வேறென்ன.

முதலில் பாறை இடுக்கிலிருந்த கூட்டைப் படம் பிடித்தார். கொட்டகையை இருட்டடித்து, அத்தாயியின் தண்ணீர்ப் பானையில் கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால், பாறை மட்டும் ஜம்மென்று விழுந்திருந்தது. ராசாளி, சுவரில் ஈ உட்கார்ந்த அளவுக்கு இருந்தது. அடுத்து, கிட்டத்தில் மறைந்துகொள்ளத் தழைக்குடிசை போட்டார். அதற்கு வெட்டியது மிளகுக்கொடி படர்ந்திருந்த கல்யாண முருங்கையை. பிறகு ஆட்டுக்குடலைப் பாறைமேல் பரப்பினார். ஊர் நாய்கள் வந்து குடலைத் தின்றுவிட்டுப் பெட்டியையும் தள்ளிவிட்டுப் போயின.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். காற்று சரியில்லை என்றார், மூடுபனி என்றார், கடைசியில் அத்தாயியிடமே வந்தார்.

"உன் வாய்ச்சத்தத்துக்குத்தான் அது பறந்து போயிருது."

"அப்ப ராசாளிக்குக் காது நல்லா இருக்குதுங்க. உங்களுக்குக் கண்ணுதான் செரியில்லை."

அதோடு இருவருக்கும் பேச்சு முறிந்தது. முறிந்தது நல்லதென்றே அவள் இருந்தாள்.

அவள் முற்றத்தில் ஒரு செஞ்சேவல் மேய்ந்தது. காலில் மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். போன மழைக்காலத்தில் அண்ணாமலை மலைக்காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, 'இவரை எழுப்பிக் கொடு, சேவல் தாரேன்' என்று காவல்தெய்வம் பெரியசாமிக்கு நேர்ந்து விட்டது அது. அவன் எழுந்துவிட்டான். வருகிற நோன்புத் திருவிழாவுக்குச் சேவல் சாமி முன்னால் போகவேண்டும். அதுவரை அதன்மேல் ஒரு கல்கூட விழக்கூடாது. நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் காய்ச்சல் திரும்பி வரும், இரண்டாம் தடவை வந்தால் ஆள் மிஞ்சமாட்டான். அவளுக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

ஒருநாள் சாமைக்காட்டில் களையெடுத்துவிட்டு வந்தாள். முற்றத்தில் சேவல் இல்லை. முளைக்குச்சியில் இரண்டு வெடைக்கோழிகள் கட்டிக் கிடந்தன. அண்ணாமலை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நேந்துக்கிட்டதுன்னு சொன்னேன் அத்தாயி. ஒண்ணுக்கு ரெண்டாத் தாரேன்னுட்டுப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

"உங்க உசுருக்கு நேந்ததுங்க அது! வாயில என்ன கொழுக்கட்டையா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. ராசாளிக்கு இரை வைக்கத்தான் கொண்டுபோயிருப்பார் என்று பாறையை நோக்கி ஓடினாள்.

பிந்திவிட்டாள். கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு ராசாளி சேவல்மேல் இறக்கையை விரித்து நின்றது, கொத்திப் பிடுங்கியது. சேவலின் காலை அவர் ஆணியில் கட்டியிருந்தார். அத்தாயி போட்ட கூச்சலில் பறவை எழும்பிப் போயிற்று. மஞ்சள் கயிறும் ஒரு காலும்தான் முழுசாக இருந்தன.

தழைக்குடிசையிலிருந்து வெங்கிடுசாமி, கண்ணாடித் தகடு வைத்து மூடிய ஒரு மரச்சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்து வந்தார். "கிடைச்சிருச்சு! இந்தச் சீமையில எவனுக்கும் கிடைக்காதது!"

"கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைச்சிருக்கீங்களே, நல்லாருப்பீங்களா? என் புருசன் உசுருங்க அது!"

"அட, ராசாளியும் மலைச்சாமிதானே? சாமியே வந்து எடுத்துக்கிட்டதா நெனைச்சுக்க." சட்டத்தைத் தட்டிக் காட்டினார். "உன் சேவல் எங்கயும் போகல. இதுக்குள்ள இருக்குது. அடுத்த தலைமுறைகூடப் பார்க்கும்."

"இதுக்குள்ளயா?"

"ஆமா."

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, தொறந்துராதே! வெளிச்சம் பட்டாச் செத்துச்சு, ஒண்ணும் மிஞ்சாது!"

அத்தாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி, வேப்பமரத்தடியில் வேலாக நின்ற பெரியசாமியிடம் நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார், கெஞ்சினார், வைதார், பத்துக் கோழி தருகிறேன் என்றார். கையைப் பிடிக்க எட்டியவர், எதிரே கொடுவாளோடு வந்துகொண்டிருந்த அண்ணாமலையைக் கண்டு பின்வாங்கினார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

சட்டத்தை வேல் முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

"கோழியாக் குடுக்க முடியலை அய்யா. இதுக்குள்ளதான் இருக்குதாம். இத்தனை நாளு உனக்குன்னு வளந்தது, உம் முன்னாலயே சாகட்டும். இவரை மட்டும் எடுத்துக்காதே."

மூடியை உருவினாள்.

உச்சி வெயில் கண்ணாடியில் இறங்கியது. பாலேடு மாதிரி ஒரு வெள்ளை, அவ்வளவுதான். அதில் சேவலும் இல்லை, ராசாளியும் இல்லை. அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். செத்துவிட்டது என்று நிச்சயமானதும் நேர்ந்தது தீர்ந்ததென்று வேலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெங்கிடுசாமி தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு விம்மினார்.

"அழுவறதா இருந்தா உங்க ஊட்டுக்குப் போயி அழுவுங்க," என்றாள் அத்தாயி. "இது காவு குடுத்த எடம்."