அப்பா முகத்துக்கு ஒதுக்கிய நெட்

விஞ்ஞானம் பிரிவு என்பதையே ஒழித்துவிட்டது. கடல் கடந்து பிழைக்கப் போன தமிழனுக்குத் தாய் தகப்பன் முகம் இனி கைக்கெட்டும் தூரத்தில்தான். ஏழு கடலும் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன. மாதத்தின் இருபதாம் தேதி வரைக்கும். அதற்குமேல் ஆன்டனியின் போனில் நெட் இருக்காது.

ஆன்டனி குவைத்தில் இருந்தான். திண்டிவனத்துக்கு மேற்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற அவனுடைய ஊரில் கேட்டால், டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பார்கள். குவைத்தில் கேட்டால், வாடகைக் கார் கம்பெனியில் கார் கழுவுகிறவன் என்பார்கள். இரண்டு உத்தியோகத்தையும் அவன் ஒருவனே பார்த்துவந்தான்.

போன லீவில் வந்திருந்தபோது, டீக்கடையில் யாரோ, "அங்க நெட்டுக்கெல்லாம் இன்னாப்பா பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள்.

"அங்கல்லாம் ஆத்துல தண்ணி மாதிரி ஓடும். மொண்டுக்க வேண்டியதுதான்" என்றான் ஆன்டனி.

நம் பக்கத்து ஆறுகளில் வருஷத்துக்குப் பத்து மாதம் மணல்தான் ஓடுகிறது என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. ஊர் நம்பிவிட்டது. அன்று முதல் குட் மார்னிங் ரோஜாக்களும், காதுகுத்து வீடியோக்களும், மாதா தேர்பவனியும் அவன் போனில் வந்து விழுந்தவண்ணம் இருந்தன. அவன் எதையும் திறப்பதில்லை. எல்லாவற்றுக்கும் பதிலாகக் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிடுவான். இப்படியே ஒரு நிச்சயதார்த்தத்துக்கும் இரண்டு சாவுக்கும் கும்பிடு போட்டிருக்கிறான்.

வீட்டுக்கு ஞாயிறுதோறும் பேசினான், குரல் மட்டும். வீடியோ என்றால் அப்பா அமலதாஸ் சும்மா வரமாட்டார். சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டுதான் வருவார். அவர் வந்து உட்காருவதற்குள் ஆன்டனிக்கு மீட்டிங் வந்துவிடும். ஒரு ஞாயிறு மல்லாட்டைப் பூவைக் காட்டுகிறேன் என்று கொல்லைக்கே போனைக் கொண்டுபோனார்.

"மீட்டிங்குப்பா. அடுத்த வாரம் காட்டு."

அடுத்த வாரம் பூ இல்லை.

அந்த அமலதாஸ், விழுப்புரத்துக்கு விதை வாங்கப் போன இடத்தில், ஒரு வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அடக்கம் என்று முடிவானது.

ஆன்டனியால் போக முடியாது. பாஸ்போர்ட் கம்பெனி பீரோவில் இருந்தது. மூன்று மாதச் சம்பளமும் அதே பீரோவில்தான் இருக்கிறது என்று தொழிலாளர் கேம்பில் நம்பினார்கள். ரீசார்ஜ் கார்டு விற்கிற மலையாளி கடன் கொடுப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது. மிச்சமிருந்தது போனில் ஒட்டிக்கொண்டிருந்த நெட் மட்டும்தான். அதில் அப்பா முகத்தைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வருஷமாக ஒழுங்காகப் பார்க்காத முகம். பெட்டியை மூடிவிட்டால் அப்புறம் எந்த நெட்டிலும் கிடைக்காது.

வியாழன் ராத்திரி பார்த்தபோது அரை மணி நேர வீடியோவுக்குத் தாங்கும் போலிருந்தது. வெள்ளி மத்தியானம் பார்த்தபோது ஐந்து நிமிடத்துக்குத்தான் இருந்தது. காலையில் அஞ்சலி பேனருக்கு போட்டோ அனுப்பியதில் கொஞ்சம் போய்விட்டது.

பேனர் சக்கரபாணியின் ஏற்பாடு. சக்கரபாணி கட்சியில் ஒன்றியத் துணைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது அந்தந்தத் தேர்தலைப் பொறுத்தது. அவர் போகாத சாவு இல்லை. அவர் படம் இல்லாத கண்ணீர் அஞ்சலியும் இல்லை. விடிந்ததும் போன் செய்து, "தம்பி, திண்டிவனத்துல ஃபிளெக்ஸ் கடைக்காரன் காத்துக்கினு இருக்கான். உன் போட்டோ ஒண்ணு ஜல்தியா அனுப்பு. வாட்ஸப்ல போட்டா மங்கிடும், ஒரிஜினலா மெயில்ல அனுப்பு" என்று சொல்லியிருந்தார்.

கேம்ப் அறையில் அன்று ஆன்டனியும் சின்னதுரையும்தான். சின்னதுரை மேல்மலையனூர்க்காரன்.

"கொஞ்சம் ஹாட்ஸ்பாட் குடுடா. அஞ்சு நிமிசம்."

சின்னதுரை தலையைச் சொறிந்தான். "அமாவாசைக்கு ஊஞ்சல் உற்சவத்த லைவ்ல பாத்துக்கினு இருந்தேன்டா. அங்காளம்மா மொத்தத்தையும் வாங்கிக்கினா. கால்ல உழுந்து சொல்றேன், ஒரு சொட்டு இல்ல."

ஆன்டனி தங்கையைக் கூப்பிட்டான். அவள் பெயர் லூசியா. பின்னால் அம்மா சூசை மேரியின் ஒப்பாரி கேட்டது.

"லூசி, பொட்டி மூடுறதுக்கு முன்னாடி வீடியோ போடு. அதுக்கு முன்ன போடாத. அப்பா மூஞ்சிய மட்டும் காட்டு, போதும். எனக்கு மீட்டிங் இருக்கு."

"வெள்ளிக்கெழம அங்க லீவுன்னு சொல்லுவியே?"

"இது ஸ்பெசல் மீட்டிங்."

லூசியா, "அப்பாவ விட ஸ்பெசலாண்ணா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

"உண்மைய சொல்லிடேன்டா. நெட்டு இல்லன்னா தூக்குலயா போடுவாங்க?" என்றான் சின்னதுரை.

"உனக்குத் தெரியாது. ஊரே நிக்கும்."

ஊரே நின்றதுதான். பங்குச் சாமியார் வந்து ஜெபம் முடித்து, மூடியைத் தூக்க ஆள் குனிந்தபோது லூசியா அழைத்தாள். ஆன்டனி எடுத்தான். பந்தல் தெரிந்தது. பெட்டியின் ஓரம் தெரிந்தது. அதில் சாத்தியிருந்த ரோஜா மாலை தெரிந்தது. படம் மெதுவாக மேலே நகர்ந்தது. வெள்ளைக் கையுறை போட்ட அப்பாவின் கை தெரிந்தது. அடுத்து முகம்தான் என்றிருந்தபோது ஒரு பெரிய கை வந்து எல்லாவற்றையும் மறைத்தது.

"குடு பாப்பா. நீ அழுதுக்கினு புடிச்சா கை ஆடும். நான் காட்டுறேன்."

திரை முழுவதும் சக்கரபாணி வந்தார்.

"தம்பி ஆன்டனி! மனச தளரவுடாத. அப்பா எங்கயும் போவல. நம்ம எல்லார் நெஞ்சுலயும் வாழ்ந்துக்கினு இருக்காரு."

"அண்ணே, அப்பா மூஞ்சிய காட்டுங்கண்ணே."

"காட்டாம? அதுக்குத்தான போன வாங்கினேன். கூட்டத்த பாரு மொதல்ல. ஒரு மந்திரிக்கு வராது இவ்ளோ கூட்டம்." போன் கூட்டத்தைச் சுற்றிவந்தது. அடுத்த வீட்டு முனியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஆன்டனி, நல்லா இருக்கியாப்பா? இன்னா இப்டி எளச்சிட்ட?"

"அத்தே, நவுருங்க அத்தே. அண்ணே, அப்பாவ காட்டுங்கண்ணே!"

"காட்டுறேன், இரு. இத பாரு. தெருமுனையில எவ்ளோ பெருசா வெச்சிருக்கேன் பாரு." சக்கரபாணி நடந்தார். பேண்டு வாத்தியக்காரர்கள் அவரைப் பார்த்ததும் மரியாதைக்கு இன்னும் உரக்க ஊதினார்கள். பேனரில் சக்கரபாணி ஆளுயரத்துக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூலிங் கிளாஸோடு ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்தபடி ஆன்டனி. 'குவைத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செத்தவர் மேலே ஒரு மூலையில், ஒரு வட்டத்துக்குள் இருந்தார்.

ஆன்டனி சின்னதுரையைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"அண்ணே, நெட்டு தீரப்போவுதுண்ணே! என்கிட்ட நெட்டு இல்லண்ணே!"

சக்கரபாணி போனைத் தன் பக்கம் திருப்பாமலே சிரித்தார்.

"யாருக்கு, உனக்கா? கேட்டீங்களாய்யா, பையன் துக்கத்துல இன்னா பேசுறோம்னு தெரியாம பேசுறான். ஆத்துல தண்ணி தீந்துடுமாடா?"

சத்தம் நின்றது. படம் அசையாமல் நின்றது.

ஊரில் சக்கரபாணி போனைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். கரகரத்த குரலில், "தாங்க முடியல புள்ளைக்கு. கட் பண்ணிட்டான்" என்று அறிவித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. சூசை மேரி, "ஐயோ, எம்புள்ள தனியா உக்காந்து அழுவுதே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். லூசியா மட்டும் போனை வாங்கி மறுபடி மறுபடி அழைத்தாள். ரிங் போகவில்லை. பெட்டிக்காரர் அவளைப் பார்த்தார், சாமியார் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல் இருந்தது. மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.

குவைத்தில் ஆன்டனி போனைக் கீழே வைக்கவில்லை. உறைந்த படத்தில் கார் முழுதாக இருந்தது. அவன் முழுதாக இருந்தான். திரையின் மேல் விளிம்பில் ஒரு வட்டத்தின் அடிப்பாகமும், அதற்குள் அப்பாவின் மோவாயும் இருந்தன. விரலால் கீழே இழுத்தால் மிச்சமும் வரும் என்பதுபோல் இழுத்துப் பார்த்தான். சின்னதுரை எழுந்துபோய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். எட்டிப் படத்தைப் பார்த்தான்.

"உன் போட்டோ தெளிவா வந்துகீதுடா" என்றான்.

தெளிவாகத்தான் வந்திருந்தது. அந்தப் படத்தை அன்று காலை ஆன்டனி மூன்று முறை வேறு வேறாக எடுத்து, மூன்றையும் ஒரிஜினலாகவே மெயிலில் அனுப்பியிருந்தான். முதல் இரண்டில் முன்வழுக்கை தெரிந்தது.