துடக்கில்லாத வீடு

கணவர் அருளம்பலம் செத்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலையில்தான் செல்வநாயகி அந்த வரியைப் பார்த்தாள்.

அருளம்பலத்தின் போன் இப்போது அவளிடம் இருந்தது. அவர் அதைத் தமிழிலேயே வைத்துப் பழகியிருந்ததால் அவளுக்கும் வாசிக்கச் சிரமம் இல்லை. ‘எங்கடை குடும்பம்’ என்று அவர் தொடங்கிய வட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று பேர். பூக்களும் கும்பிடும் கைகளுமாக இரங்கல்கள் நிறைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில், வெளிறிய எழுத்தில், ‘கமலாவதி வெளியேறினார்’ என்று ஒரு வரி. அதற்கு மேலேயும் இரங்கல், கீழேயும் இரங்கல். ஏன் வெளியேறினாள் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

கமலாவதி அருளம்பலத்தின் ஒரே தங்கை. குருநகரில் இருந்தாள். பண்டத்தரிப்புச் சைவ வீட்டுப் பெண், இடம்பெயர்ந்த காலத்தில் குருநகர் மீனவர் கிறிஸ்ரோபரைத் தானே விரும்பிக் கட்டியவள். அந்தக் கலியாணத்தை அவளுடைய ஐயா சாகும்வரை ஏற்கவில்லை. அருளம்பலம் பிறகு ஏற்றுக்கொண்டார். ஏற்றது மட்டுமில்லை, கடைசி இரண்டு வருடமும் கிறிஸ்ரோபர் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் சரிவந்ததில்லை.

மூன்று கிழமைக்கு ஒருமுறை தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் மருந்தேற்றப் போகவேண்டும். கிறிஸ்ரோபர் விடியற்காலையில் மீனேற்றி இறக்கிய ஆட்டோவோடு வந்து நிற்பார்.

“இந்தக் குமட்டல் வருத்தத்தாலையோ, உன்ரை ஆட்டோவாலையோ எண்டு டொக்டரிட்டைக் கேக்கவேணும்” என்று அருளம்பலம் ஒருநாள் சொன்னார். அடுத்த முறை வந்தபோது ஆட்டோ முழுக்கத் தேசிக்காயின் எலுமிச்சை வாசம். அதற்குப் பிறகு தேசிக்காய் தேய்த்துக் கழுவாமல் அந்த ஆட்டோ அவர்களுடைய படலைக்கு வந்ததேயில்லை.

செத்தவீட்டன்று இருவரும் வந்தார்கள். கிறிஸ்ரோபர் பாடைக்குத் தோள் கொடுத்தார். எட்டுக்கு வரவில்லை. செல்வநாயகி மூன்று தரம் கமலாவதிக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. குரலில் பேசி அனுப்பினாள், அதுவும் கேட்கப்படாமலே கிடந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் அவர்கள் வராவிட்டால் அது முறிந்த உறவு என்று ஊர் தீர்மானித்துவிடும். பிறகு அதை ஒட்டுவதற்கு இன்னொரு சாவுதான் வரவேண்டியிருக்கும். ஊர் கிடக்கட்டும். அருளம்பலம் சிரிப்பதுபோலச் சிரிக்கிற முகம் இனி உலகத்தில் கமலாவதியிடம் மட்டும்தான் இருந்தது. அதையும் இழக்க அவளால் முடியாது.

பதினேழாம் நாள் பக்கத்து வீட்டு உதயகலா பால் கொண்டுவந்தாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். போன் விசயம் எல்லாம் தெரிந்தவள்.

“பிள்ளை, கமலாவதி ஏன் குறூப்பை விட்டுப் போனவ?”

உதயகலா செம்பை வைத்துவிட்டு அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். “அன்ரி, உங்களுக்குத் தெரியாதே? நான் தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்.”

“எனக்கு ஆர் சொன்னது?”

உதயகலா தன் போனில் மரண அறிவித்தலை எடுத்துக் காட்டினாள். சுவிசிலிருந்து வரமுடியாமல் கிடந்த மகன் கீர்த்திகன், தகப்பனுக்காகத் தன்னால் செய்யக்கூடிய ஒரே காரியம் என்று இருந்து எழுதிப் பேஸ்புக்கில் போட்டது. இன்னாரின் அன்பு மகனும், செல்வநாயகியின் அன்புக் கணவரும், கமலாவதியின் பாசமிகு சகோதரரும்... மைத்துனர்மாரின் பெயர்கள் வரிசையாக வந்தன. செல்வநாயகியின் தம்பிமார் மூவரின் பெயரும், முதலெழுத்துகளோடு, இருந்தன. கிறிஸ்ரோபர் இல்லை.

“இன்னும் கீழை வாங்கோ” என்றாள் உதயகலா.

யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: ‘கிறிஸ்ரோபர் அண்ணையின்ரை பேர் விடுபட்டிட்டுதோ?’ அதற்குக் கீழே, முகத்துக்குப் பதிலாக ஒரு ரோசாப்பூவை வைத்திருந்த இன்னொருவர் பதில் எழுதியிருந்தார்: ‘விடுபடேல்லை. விட வேண்டியதைத்தான் விட்டிருக்கினம்.’ அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு இதயம்.

“உது ஆர் போட்டது?”

“கீர்த்திகன்.”

செல்வநாயகி கதிரையில் இருந்தாள்.

“அவன் எல்லாத்துக்கும் போட்டிருக்கிறான் அன்ரி. முந்நூறு பேருக்கு மேலை. வாசிச்சே போட்டிருப்பான்? சும்மா அமத்திக்கொண்டு போயிருப்பான்.”

அது உண்மையாகத்தான் இருக்கும். ஏனென்றால் அப்படிச் செய்யச் சொன்னதே அவள்தான். ‘எழுதின ஒருத்தரையும் விடாதை தம்பி. ஏதாவது போட்டுவிடு. இல்லாட்டில் குறை நினைப்பினம்’ என்று உடல் வீட்டில் கிடக்கும்போதே சொல்லியிருந்தாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ‘அம்மா, முழுப்பேருகள் வேணும், இனிசலோடை’ என்று அவன் அழுதுகொண்டு கேட்டபோது அவளுக்கு வாய் எழவில்லை. அருளம்பலத்தின் பெட்டிக்குள் அவருடைய ஐயாவின் மரண அறிவித்தல் பழைய பேப்பர்த் துண்டாக இருந்தது. அதை எடுத்து உதயகலாவிடம் நீட்டினாள். ‘இதைப் படமெடுத்து அனுப்பு பிள்ளை. சொந்தக்காரர் எல்லாற்றை பேரும் இதிலை இருக்கு.’

எல்லாருடைய பேரும் இருக்கவில்லை. ஒரே மருமகனின் பேர் அதில் வேண்டுமென்றே விடப்பட்டிருந்தது. அது விடப்பட்ட நாளில் அவளும் அந்த வீட்டில்தான் நின்றாள்.

“கீர்த்திகனுக்குச் சொல்லுவம்” என்றாள் உதயகலா.

“வேண்டாம். அவன் உடனை நீளமாய் ஒண்டு எழுதிப் போடுவான். அதுக்குக் கீழையும் ரோசாப்பூ வந்து நிக்கும். நான் போறன்.”

“எங்கை?”

“குருநகருக்கு.”

“உங்களுக்கு என்ன விசரே அன்ரி? செத்தவீட்டுத் துடக்குத் தீட்டோடை படலை தாண்டப் போறியளே? முப்பத்தொண்டு முடியாமல் ஒருத்தற்றை வீட்டிலையும் கால் வைக்கக்கூடாது. அங்கை ஆருக்காவது காய்ச்சல் வந்தாலும் உங்கடை தலையிலைதான் போடுவினம்.”

“அதுகள் வேதக்காரர், மாதா கோயில் ஆக்கள். அதுகளுக்கு என்ன துடக்கு?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. இந்த முப்பத்தொரு நாளும் அவள் போகக்கூடிய வீடென்று யாழ்ப்பாணம் முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினேழு நாளில் முதல்தடவையாக அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

அடுத்தநாள் காலை வெள்ளைச் சேலையோடு, பேப்பர்த் துண்டையும் போனையும் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் இரண்டு பேர் அவளை அடையாளம் கண்டு, பிறகு காணாததுபோல வெளியே பார்த்தார்கள். யாழ்ப்பாண ரவுணில் இறங்கிக் குருநகருக்கு நடந்தாள்.

கிறிஸ்ரோபர் ஆட்டோவின் பின் சீற்றைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் துடைத்த கை அப்படியே நின்றது.

“அக்கா” என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “கமலா, இஞ்சை வா” என்றார்.

செல்வநாயகி படலைக்கு வெளியே நின்றாள். வந்துவிட்டாளே தவிர, பழக்கம் காலைப் பிடித்தது. “நான் இதிலை நிண்டே கதைச்சிட்டுப் போறன். துடக்கு.”

கமலாவதி வாசலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வீட்டிலை துடக்கு இல்லை மச்சாள். கோபம் மட்டுந்தான் இருக்கு. உள்ளை வாங்கோ.”

உள்ளே மாதா படத்துக்குப் பக்கத்தில் அருளம்பலத்தின் படம் இருந்தது. முன்னால் ஒரு மெழுகுதிரி. அறிவித்தலில் வந்த அதே படம். கமலாவதி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள், பேணி மேசையில் சத்தமாகவே பட்டது.

“அந்தப் படம் ஆர் எடுத்தது தெரியுமே? உந்தா நிக்கிற உவர் எடுத்தது. ஆஸ்பத்திரி வாசலிலை, ஆட்டோவுக்கு முன்னாலை நிப்பாட்டி. ஆட்டோவை வெட்டிப்போட்டு அண்ணையை மட்டும் போட்டிருக்கினம். படம் எடுக்க ஆள் வேணும், பேர் போட வேண்டாம்.”

“விடு கமலா” என்றார் கிறிஸ்ரோபர்.

“நீங்கள் பேசாமல் இருங்கோ. நீங்கள் இப்பிடிப் பேசாமல் இருந்துதான் எல்லாரும் ஏறி மிதிக்கினம்.”

செல்வநாயகி கைப்பையைத் திறந்து பேப்பர்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். கமலாவதி அதை இதற்கு முன் பார்த்ததில்லை. ஐயா செத்தபோது அவர்கள் மன்னாரில் இருந்தார்கள், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. அவள் அதை மெதுவாக வாசித்தாள். மருமக்கள் வரியில் விரலை வைத்து, திரும்ப ஒருமுறை வாசித்தாள்.

“இருபத்தாறு வருசமாய் அண்ணை இதை வைச்சிருந்தவரே?”

“ஓம். வருசத்திலை ஒருநாள் எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். ஒண்டும் சொல்லமாட்டார். கீர்த்திகன் பேருகள் கேக்க, நான் இதைத்தான் அனுப்பினனான். அவன் இதைப் பார்த்து அப்பிடியே எழுதிப்போட்டான்.” அவள் தேத்தண்ணிப் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அண்டைக்கு மாமாவுக்கு அறிவித்தல் எழுதேக்கை, மருமகன்ரை பேரை விடு எண்டு ஆரோ சொல்லிச்சினம். உன்ரை அண்ணை வாய் திறக்கேல்லை. நான் பக்கத்திலை நிண்டனான். நானும் திறக்கேல்லை. அண்டைக்கு விட்டது தெரிஞ்சுகொண்டு. இப்ப விட்டது தெரியாமல். ரெண்டிலையும் நான் இருக்கிறன். பெடியனிலை கோவிக்காதை. எல்லாருக்கும் ஏதாவது போட்டுவிடு எண்டு சொன்னதும் நான்தான்.”

கமலாவதி பேப்பர்த் துண்டை மடித்தாள். கிறிஸ்ரோபர்தான் சொன்னார்.

“பேர் எனக்குப் பெரிசில்லை அக்கா. பேர் இல்லாமல் இருந்து பழகினனான். அந்தச் சிவப்புத்தான். ஒரு கிழமையாய் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தன். கீர்த்திகனைக் கடலுக்குள்ளை தோளிலை தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டனான். அவன் அதுக்கு...” அவர் வெளியே ஆட்டோவைப் பார்த்தார். “கண்டவை கனபேர். படம் எடுத்து ஆளாளுக்கு அனுப்பினவையும் கனபேர். ஒருத்தர்கூட ஒரு கோல் எடுத்து, கிறிஸ்ரோபர், உது என்ன கதை எண்டு கேக்கேல்லை.”

“நான் எடுத்தனான் தம்பி.”

“எடுத்தனீங்கள். உவதான் எடுக்க விடேல்லை.”

“இப்ப என்னிலை போடுங்கோ” என்றாள் கமலாவதி. ஆனால் குரல் முன்போல இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, “போனைத் தாங்கோ மச்சாள். அவனோடை நான் கதைக்கிறன்” என்றாள்.

அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கீர்த்திகன் சமையற்கூடத்து வெள்ளைச் சட்டையோடு திரையில் வந்தான். மூன்று முகங்களையும் ஒன்றாகக் கண்டதும் விழித்தான்.

“அம்மா, எங்கை நிக்கிறியள்?”

“மாமி வீட்டிலை.”

“உங்களுக்குத் துடக்கெல்லோ?”

“உனக்குந்தான் துடக்கு. நீ வேலைக்குப் போகேல்லையே?”

கமலாவதி போனை வாங்கினாள். ரோசாப்பூ எழுதியதைச் சொல் விடாமல் அவனுக்குச் சொன்னாள். அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் சொன்னாள். திரையில் அவனுடைய முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று செல்வநாயகி நினைத்தாள்.

“நான் ஒண்டையும் வாசிக்கேல்லை மாமி” என்றான். “கண் தெரியேல்லை. அமத்திக்கொண்டே போனன். மாமா நிக்கிறாரே?”

கிறிஸ்ரோபர் எட்டிப் பார்த்தார்.

“மாமா, இப்பவே அதை அழிக்கிறன். எல்லாரும் பார்க்க மன்னிப்புக் கேட்டு ஒண்டு எழுதிப் போடுறன்.”

“எழுதாதை” என்றார் அவர். “நீ ஒண்டு எழுத, அதுக்குக் கீழை முந்நூறு பேர் எழுதுவினம். நாளைக்கு எனக்கு ஒரு கோல் எடு. நாளையிண்டைக்கும் எடு. உன்ரை அப்பாவைப் பற்றிக் கதைக்க எனக்கும் ஆள் இல்லை.”

கீர்த்திகன் தலையாட்டினான். அழுதான்.

“பேரை மட்டும் அதிலை சேர்த்துவிடு” என்றார் கிறிஸ்ரோபர். “மாமிக்கு அது வேணும்.”

“மாமிக்கு வேணுமாம்” என்றாள் கமலாவதி. “உவருக்கு வேண்டாமாம். ஒரு கிழமை சோறு தின்னாத மனிசன்.”

அவன் அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டான். செல்வநாயகி கமலாவதியைப் பார்த்தாள். அந்த முகத்தில் அருளம்பலத்தின் சிரிப்பு வந்துவிட்டுப் போனது.

பேசி முடிந்ததும் செல்வநாயகி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். “திரும்பக் குறூப்பிலை வாவன். எப்பிடிச் சேர்க்கிறதெண்டு எனக்குத் தெரியாது.”

“தாங்கோ, நான் செய்யிறன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற வேலை.”

கமலாவதி அந்தப் போனில் இரண்டு மூன்று இடத்தில் தட்டினாள். மேசையில் கிடந்த அவளுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள், பார்த்தபடியே இருந்தாள். செல்வநாயகி எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

‘அண்ணை உங்களைச் சேர்த்தார்.’

போன் அருளம்பலத்தினுடையது. கமலாவதி அந்த இலக்கத்தை ‘அண்ணை’ என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். வேறொன்றுமில்லை. இருவருக்கும் அது தெரியும். தெரிந்தும் இருவரும் அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழுவில் மற்ற அறுபத்திரண்டு பேரின் போனிலும், அருளம்பலத்தை அவரவர் அழைத்த முறையில், அந்த வரி போயிருக்கும்.

முதலில் கீர்த்திகன் பதில் போட்டான். இதயம் இல்லை, பூ இல்லை. ‘மாமி, வாங்கோ’ என்று இரண்டே சொல்.

வெயில் ஏறிவிட்டது. “பஸ்ஸிலை போகவேண்டாம் அக்கா, நான் கொண்டுபோய் விடுறன்” என்றார் கிறிஸ்ரோபர். சீற்றைத் தூக்கிப் பூட்டினார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே பார்த்து, “கமலா, ரெண்டு தேசிக்காய் வெட்டித் தா. விடியவும் மீன் ஏத்தினது” என்றார்.

“வேண்டாம் தம்பி” என்றாள் செல்வநாயகி. “இண்டைக்கு இப்பிடியே போவம்.”

கமலாவதியும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் ஏறினாள். ஆட்டோ ஒழுங்கையை விட்டு இறங்கியது. நல்ல மீன் வாசம். பண்டத்தரிப்பு வரைக்கும் அது கூடவே வந்தது.