தம் புடி, ஏத்து

எதிராளியின் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்க்ரம் கிடைத்ததும் ரக்பி மைதானமே எழுந்து நின்றது. இந்த இடத்தில் பாலத்தடிக் கிளப் என்ன செய்யும் என்பது கண்டியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிவார்கள், எதிரே எட்டுப் பேர் குனிவார்கள், நடுவில் பந்து உருளும். அப்புறம் சண்முகநாதன் வாயைத் திறந்து ஒரு சத்தம் போடுவான். அவ்வளவுதான், எதிராளிகள் எட்டுப் பேரும் பின்னோக்கி நடந்து போய்த் தங்கள் கோட்டுக்கு அப்பால் உட்கார வேண்டியதுதான். பந்தைக் கைமாற்றுவது, ஒதுங்கி ஓடுவது என்கிற நாசூக்கெல்லாம் கொழும்புக்காரர்களுக்கு. கண்டிக்காரனுக்குத் தள்ளத் தெரியும், தள்ளினால் போதும் என்று இருந்த காலம் அது.

"ஷான்! சத்தம் போடு ஷான்!" வேலியோரம் நின்ற கூட்டம் சிங்களத்தில் கத்தியது. கிளப்பில் அவன் பெயர் ஷான்.

சண்முகநாதன் வாயைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை விரித்து ஒரு சைகை காட்டினான். பந்து பின்னால் வந்து, கைக்குக் கை மாறி, ஓரத்தில் காத்திருந்த நஸீமிடம் போய்ச் சேர்ந்தது. நஸீம் ஒல்லி. ஓட ஆரம்பித்தால் நாய்கூடத் துரத்தாது, வீண் வேலை என்று விட்டுவிடும். கோட்டைத் தாண்டிக் கொடிக்கம்புப் பக்கம் பந்தோடு போய் விழுந்தான். ட்ரை! விசில் ஊதியது, தொப்பிகள் பறந்தன. ஆனால் பழைய ஆட்கள் கை தட்டவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் காறித் துப்பினார். "இது என்னடா, கொன்வென்ட் பிள்ளைங்க நெட்போல் விளையாடுற மாதிரி! தள்ளுற ஆட்டம் செத்துப்போச்சு" என்றார்.

செத்துத்தான் போயிருந்தது. கொன்றவன் யார் என்று கேட்டால் எல்லோரும் சண்முகநாதனைத்தான் காட்டுவார்கள், அதுவும் பெருமையோடு. காலம் மாறுகிறது, வெளிநாட்டில்கூட இப்போது யாரும் மாடு மாதிரி முட்டிக்கொண்டிருப்பதில்லை, நம்ம ஷான் அதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டான் என்று கோச் போகிற இடமெல்லாம் சொன்னார். முன்வரிசையில் நின்று முட்டுகிற அவனைப் பத்திரிகையில் 'மூளையுள்ள ப்ரொப்' என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பத்திரிகையை நகரசபை ஆபீஸில் தண்ணீர்ப் பில் கட்ட வந்தவர்கள் அவன் மேசையில் விரித்துக் காட்டினார்கள். கழுத்தே இல்லாத, காது இரண்டும் நசுங்கிப்போன சண்முகநாதன் சிரித்து வைத்தான். மூளையாம்! உள்ளே இருந்தது வெட்கம். அது யாருக்குத் தெரியும்?

"ஒனக்கு என்னடா புடிச்சீக்கு?" என்று நஸீம்கூட ஒரு தடவை கேட்டான். "பந்து எனக்கு வாரது சந்தோஷம்தான். ஆனா நீ அந்தச் சத்தத்த ஏன் விட்ட மச்சான்?"

கோச் கேட்டார், நஸீம் கேட்டான், தேநீர்க் கடைக்காரன் கேட்டான். கேட்காதவன் ஒருத்தன்தான். அபேகோன்.

அபேகோன் ஹூக்கர். ஸ்க்ரம்மில் சண்முகநாதனுக்குப் பக்கத்தில் நிற்பவன். பக்கத்தில் என்றால் சும்மா பக்கத்தில் அல்ல, இவன் தோளில் கையைப் போட்டு, தன் பாரம் முழுவதையும் இவன் மேல் விட்டுத் தொங்குவான். காதும் காதும் உரசும். காலையில் என்ன சாப்பிட்டான் என்று மூச்சிலேயே தெரிந்துவிடும். கட்டின பெண்டாட்டிகூட அவ்வளவு நெருக்கத்தில் மூச்சு விட்டிருக்கமாட்டாள்.

அந்தச் சத்தம் றகர் ஆட்டத்தின் சத்தமே அல்ல. அது சிவமணியுடையது. சண்முகநாதனின் அப்பா மூக்கையாவுக்குக் கண்டியின் கொழும்புத் தெருவுக்குப் பின்னால் வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்தக் கடை. அங்கே மூட்டை தூக்கிய நாட்டாமி சிவமணி. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். மூட்டை ஏற்றிய கைவண்டி மேட்டில் மாட்டிக்கொண்டால் அவர் பின்னால் போய்த் தோளைக் கொடுத்து, "தம் புடி!" என்பார். கூட நிற்கிறவர்கள் மூச்சை அடக்குவார்கள். "ஏத்து!" என்பார். அடக்கின மூச்சு அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வரும், வண்டி மேடேறிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வண்டியைத் தள்ளித்தான் சண்முகநாதனுக்கு அந்தத் தோள் வந்தது.

அதைக் கிளப்புக்குக் கொண்டுபோனான். முதலில் சிரித்தார்கள். ஒரு பருவத்தில் ஒரு ஆட்டமும் தோற்காமல் வந்ததும் சிரிப்பு நின்றது. இவன் "தம் புடி" என்றால், தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாத ஏழு சிங்களப் பையன்களும் மூச்சடக்கி "ஏத்து!" என்று முழங்குவார்கள். சனிக்கிழமை தோறும் சிவமணி வேலியோரம் வந்து நிற்பார். தன் சத்தம் எட்டு வாயிலிருந்து வருவதைக் கேட்டு வெற்றிலைப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். மூக்கையா மட்டும் மைதானத்துப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. "மனுஷன் மேல மனுஷன் விழுந்து பொரளுறான். அதுக்குச் சம்பளமாவது குடுக்குறானுங்களா?" என்பார். ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் கடைகள் எரிந்து கடைத்தெருவில் புகை எழுந்த அன்று, சண்முகநாதன் ஆபீஸிலிருந்து ஓடி வந்தான். அப்பா கடையை விட்டு வரமாட்டேன் என்றார். பலகைக் கதவுகளைப் பொருத்தி, குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் பின்கட்டில் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். பலாப்பலகை. கல்லால் அடித்தார்கள், காலால் உதைத்தார்கள், அசையவில்லை. அப்பாவின் முகத்தில் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. அப்போது வெளியே இரைச்சல் அடங்கியது.

"தம் புடி!"

ஒரு கணம் ஊரே மூச்சை அடக்கிய மாதிரி இருந்தது.

"ஏத்து!"

சுவர் குலுங்கி மேலேயிருந்து காரை கொட்டியது. மறுபடி அதே சத்தம். பட்டை வளைந்தது. அப்பா மகனுடைய கையைப் பிடித்தார். "சிவமணிடா! அடப்பாவி, நம்ம சிவமணி சத்தம்டா!" என்றார். அழுதுவிட்டார் மனுஷன்.

சண்முகநாதனுக்குத் தெரியும். அது சிவமணி இல்லை. அது அபேகோன். காதோடு காதாகக் கேட்டுப் பழகிய தொண்டையை அவனுக்குத் தெரியாதா? கூடச் சேர்ந்து முழங்கிய தொண்டைகளில் இன்னும் இரண்டு மூன்றைக்கூட அவனால் பெயர் சொல்ல முடியும். தோளை எவ்வளவு தாழ்த்துவது, காலை எங்கே ஊன்றுவது, எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததுதான். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கதவு விழுகிற நேரம் இருவரும் பின்பக்கச் சாக்கடை வழியே தவழ்ந்து நஸீமின் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அங்கே ஒளிந்திருந்தபோது அபேகோன் ஒரு பை நிறையப் பாண் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்தான். சண்முகநாதனைக் கட்டிப்பிடித்து அழுதான். உள்ளே ஆள் இல்லை என்று நினைத்திருப்பானோ, கூட்டத்தின் வெறியில் அது யாருடைய கதவென்றே மறந்துபோனானோ, தெரியாது. அழுகை பொய்யில்லை. சண்முகநாதன் அந்தப் பாணைத் தின்றான். பசி. இன்றைக்கும் அந்த மெதுமெதுப்பு நாக்கில் வந்தால் அவனுக்குக் குமட்டும்.

'அது சிவமணி இல்லப்பா.' எவ்வளவு சின்ன வாக்கியம்! சொன்னால், அப்போ யாரு என்று கேட்பார். அவனுகளுக்கு எப்படி நாட்டாமி சத்தம் தெரியும் என்று கேட்பார். நான்தான் சொல்லிக் குடுத்தேன் என்று சொல்ல வேண்டி வரும். கடை கழுவித் துடைத்த மாதிரி கிடந்தபோது சிவமணி பார்க்க வந்தார். மூக்கையா தெருவே கேட்கக் கத்தினார், செருப்பைத் தூக்கினார். சிவமணி சண்முகநாதனை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. பேசாமல் திரும்பிப் போனார். முதலாளி கடையை உடைத்தவன் என்று பெயர் எடுத்த ஆளுக்குக் கண்டியில் எந்தக் கடையில் வேலை கிடைக்கும்?

சண்முகநாதன் அடுத்த பருவமும் ஆடப் போனான். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று பயம். நகரசபை வேலைக்கும் பயம். இதெல்லாம் அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உள்ளதைச் சொன்னால், ஆட்டம் பிடித்திருந்தது, அதனால் போனான். ஆனால் முதல் ஸ்க்ரம்மில் குனிந்து வாயைத் திறந்தபோது சத்தம் வரவில்லை. கையை விரித்துச் சைகை காட்டினான். அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் புதிய ஆட்டம்.

நஸீம் மூலையில் ட்ரை போட்ட அந்த ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு ஒரு பெண் வந்தாள். இப்போது பாதி அளவுக்குச் சுருங்கி, தகரக் கதவு போட்ட கடை. வந்தவள் சிவமணியின் பெண்சாதி பாலம்மா. கூடையில் பேரிக்காய் கொண்டுவந்திருந்தாள்.

"முதலாளி, அவருக்குத் தோட்டத்துப் பதிவுல பேர் இல்லைங்க. கூப்புட்டா நாள் வேலை, இல்லாட்டி சும்மா. பாரம் தூக்குன ஒடம்பு, சும்மா இருந்து இருந்தே சீக்காப் போச்சு. திரும்ப எடுத்துக்கங்க."

மூக்கையா தராசைத் துடைத்துக்கொண்டே, "இந்தக் காதால கேட்டேன் பாலம்மா" என்றார். "வேற எவனுக்கு வரும் அந்தச் சத்தம்? மத்தவன் ஒடச்சிருந்தா மறந்திருப்பேன். பேரிக்காய எடுத்துக்கிட்டுப் போ."

சண்முகநாதன் பஸ் நிலையம்வரை அவளோடு நடந்தான். வாசலில் சென்ட்ரி நிற்கிற ராணுவப் பையன் அவனை அடையாளம் கண்டு சலாம் போட்டான். கூட வந்த பாலம்மாவின் கூடையை மட்டும் கிளறிப் பார்த்தான். தெல்தோட்டை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பாலம்மா மெதுவாகச் சொன்னாள். "சின்ன முதலாளி, யாரு ஒடச்சதுன்னு அவருக்குத் தெரியுங்க. சனிக்கெழம சனிக்கெழம வேலியில நின்னு கேட்டவருதானே. போயி பெரிய முதலாளிகிட்ட சொல்லுங்கன்னு நான் எத்தன தடவ மன்றாடிட்டேன். மாட்டேங்குறாரு."

"ஏனாம்?"

"'தம்பிக்கும் அது தெரியும். தம்பியே சொல்லட்டும்'னு இருக்காருங்க." அவள் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அவரு இன்னும் ஒங்க மேல நம்பிக்கையாத்தான் இருக்காரு."

பஸ் போன பிறகும் அவன் அங்கேயே நின்றான். முகத்தில் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். நம்பிக்கையாமே! இதை என்ன செய்வது?

அன்றைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது "அப்பா" என்றான். "என்னடா?" என்றார். கடைசியில் வாயிலிருந்து வந்தது வேறு. "சனிக்கெழம ஆட்டத்துக்கு வாங்கப்பா. ஒரு தடவ."

மூக்கையா சோற்றுக் கையோடு மகனைப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கல்யாண வீட்டுக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். வாரம் முழுவதும், கடைக்கு வந்தவனையெல்லாம் நிறுத்தி, "மகன் கூப்புட்டிருக்கான், ஆட்டம் பாக்கப் போறேன்" என்றார். அதைக் கேட்கக் கேட்கச் சண்முகநாதனுக்கு எங்கேயாவது போய் ஒழிந்துவிடலாமா என்றிருந்தது.

சனிக்கிழமை மழை. மூக்கையா கோட்டும் குடையுமாக வேலியைப் பிடித்துக்கொண்டு, சிவமணி முன்பு வழக்கமாக நின்ற இடத்தில் நின்றார். அவருக்கு அது தெரியாது. மைதானம் சேறாகி, பந்து வழுக்கி, நஸீம் இரண்டு தடவை விழுந்தான். ஆட்டம் முடிகிற நேரத்தில், எதிராளியின் கோட்டுக்கு முன்னால், வேலியிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில், ஸ்க்ரம் கிடைத்தது.

எட்டுப் பேரும் குனிந்தார்கள். அபேகோனின் கை சண்முகநாதனின் தோளைச் சுற்றி வந்து இறுகியது. காதும் காதும் உரசின. பின்னால் கோச், "விரிச்சு விடு ஷான், விரிச்சு விடு!" என்று கத்தினார். சேற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இப்போதும் கையை விரித்துவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

"தம் புடி!"

தன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. பக்கத்தில் அபேகோனின் மூச்சு சட்டென்று நின்றது. தோளிலிருந்த கை ஒரு கணம் தளர்ந்தது. ஆனால் மற்ற ஆறு பேருக்கும் யோசிக்க நேரமில்லை. பழகின உடம்பு, அதுவாகவே மூச்சை அடக்கிக்கொண்டது.

"ஏத்து!"

எல்லோரும் முழங்கினார்கள். எதிராளிகளின் கால்கள் சேற்றில் பின்னுக்கு வழுக்கின. "தம் புடி!" என்று மறுபடி கத்தினான். வேலிக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினான், தெல்தோட்டைக்கே கேட்க வேண்டும் என்று கத்தினான். இந்தத் தடவை அபேகோனும் முழங்கினான். அது முழக்கமா அழுகையா என்று தெரியவில்லை. பதினாறு பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள்.

மைதானம் வெறி பிடித்துக் கூத்தாடியது. பழைய ஆட்கள் வேலியேறிக் குதித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் யாரையோ கட்டிக்கொண்டு அழுதார். திரும்பி வந்துவிட்டது, நம்ம ஆட்டம் திரும்பி வந்துவிட்டது!

சண்முகநாதன் சேற்றிலிருந்து முழங்காலை ஊன்றி எழுந்தான். அபேகோன் எழவில்லை. உட்கார்ந்தபடியே, சண்முகநாதன் பார்க்கிற திசையைப் பார்த்தான்.

வேலியோரம் மூக்கையா அசையாமல் நின்றார். சேறு பூசி எழுந்துகொண்டிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அபேகோனின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனின் முகத்துக்கு வந்தார். குடை மடங்கிக் கையில் தொங்கியது. மழை வழுக்கைத் தலையில் விழுந்து, கல்யாணக் கோட்டின் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குடையை விரிக்கவில்லை.