உயிர்ச்சேதம் ஏதுமில்லை

பதினோரு வருஷமாக எங்கள் ஊர் வானொலி நிலையம் ஒரே ஒரு வீட்டில்தான் கேட்டது. அந்த வீட்டில் வானொலிப் பெட்டி கிடையாது. நிலையத்தில் பழுது ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, கோபுரம் நின்ற இடத்தில் நின்றது, ஊரே அக்கா என்று கூப்பிடும் அறிவிப்பாளர் காலை ஐந்தே முக்காலுக்கு வணக்கம் சொன்னார். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஊரிலுள்ள பெட்டிகள் எல்லாம் ஊமையாகிவிட்டிருந்தன. நூல் ஆலைத் தொழிலாளி ஒருவனின் வீட்டில் மட்டும், சமையலறைச் சுவரில், அவன் கடைசியாகக் கழற்றி ஆணியில் மாட்டிய மாற்று வேலைச்சட்டைக்குப் பின்னாலிருந்து அந்த வணக்கம் தெளிவாகக் கேட்டது. அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சுவர் லேசாகச் சுட்டது.

முந்தின நாள் சாயங்காலம் ஆலை எரிந்தது. தீ அணைவதற்கு முன்பே ஆலையிலிருந்து நிலையத்துக்குத் தாள் வந்துவிட்டது. அந்த வேகத்தில் தீயணைப்பு வண்டி வந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். உயிர்ச்சேதம் ஏதுமில்லை என்று தட்டச்சு செய்து, கீழே முத்திரை குத்தியிருந்தது. நிலையத்துக்கு இருந்தது ஒரே விதி: முத்திரை உள்ள தாளில் இருப்பதைப் படிக்க வேண்டும், இல்லாததைப் படிக்கக் கூடாது. ஏழு மணிச் செய்திக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. பேசியவள் அவருடைய தம்பி மனைவி, மறுநாள் சுவரைத் தொட்டுப் பார்த்த அதே பெண். "அக்கா, அவரு இன்னும் வீட்டுக்கு வரலை. உள்ளதான் இருந்தாராம்." அக்கா, "பதறாத, வந்துடுவான்" என்று சொல்லி வைத்துவிட்டு, போய்த் தாளைப் படித்தார். குரல் நடுங்கவில்லை. அந்தக் குரலுக்கு ஊரில் நல்ல பெயர்.

தம்பி வரவில்லை. சாம்பலைக் கிளறியவர்கள் ஒரு பெல்ட் கொக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்தே இல்லை என்றார் முதலாளி. பதிவேடும் எரிந்துபோயிருந்ததால் அவர் சொன்னது உண்மைதான். இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனவளிடம், "ரேடியோவுலயே யாரும் சாகலைன்னு சொன்னாங்களேம்மா, நீ என்ன புதுசா சொல்றே?" என்றார் குமாஸ்தா. ஆக, சர்க்கார் கணக்கில் அவன் சாகவில்லை. வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. தேர்தலுக்குத் தேர்தல் அவன் பெயருக்கு வாக்காளர் சீட்டு வந்தது. நாற்பது முடிந்ததும் சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாமுக்கு அழைப்பு வந்தது.

ஊருக்கும் கோபம் வந்தது, வராமல் என்ன! ஆள் செத்ததற்கு இல்லை, காலைப் பாட்டு நின்றதற்கு. அவள் வீட்டுச் சுவர் பாடுகிறது என்று தெரிந்ததும் வாசலில் செருப்பு குவிந்தது. நிலைய மேலாளர் பெரிய மனசு பண்ணி ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா, பாட்டு போடறாங்க" என்று அவள் சமையலறையிலிருந்தே அவளை நகர்த்தினார்கள். சவுண்டைக் கூட்டச் சொன்ன புத்திசாலியும் உண்டு. வந்த ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே ஒன்றைத்தான் கேட்டாள், அவர் செத்துவிட்டார் என்று யாராவது எழுதிக் கொடுங்கள் என்று. உடனே எல்லோருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிடும். வெட்கங்கெட்ட ஊர்.

வருஷம் ஒரு தடவை, அவன் போன தேதியில், நிலையத்துக்குப் போய் நிற்பாள். "உங்க வாயால சொன்னதை உங்க வாயாலயே மாத்துங்கக்கா. ஒரே ஒரு வரி."

"தாள் வரணும்மா. முத்திரையோட வரட்டும், அடுத்த நிமிஷம் படிக்கிறேன்."

"அவரு உங்க தம்பிக்கா."

"எனக்குத் தெரியாதா?" என்று அக்கா அழுவார். அழுது முடித்து, முகம் கழுவி, வானிலை படிக்கப் போவார்.

பத்தாவது வருஷத்துக்குள் எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது. பாட்டு அதிலேயே கிடைத்ததால் பெஞ்சு காலியானது. பதினோராவது வருஷம் அக்கா ஓய்வு பெற்ற நாளில், ஏழு மணிச் செய்தியின்போது அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அக்கா வணக்கம் சொன்னார். தாளை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. பதினோரு வருஷத்துக்கு முந்தின ஆலைத் தீயில் ஒருவர் இறந்தார் என்றார். அவன் முழுப்பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், வயது முப்பத்து நான்கு என்றார். என் கூடப்பிறந்தவன், அந்தத் தாளைப் படிக்கும்போதே எனக்குத் தெரியும் என்றார். குரல் நடுங்கியது.

அவள் குழாயை மூடினாள். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்று சுவரிடம் கேட்டாள். சுவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போய், ரேடியோவில் சொல்லிவிட்டார்கள் என்றாள். "யார் கேட்டாங்க?" என்றார் குமாஸ்தா. "நான் கேட்டேன்." "வேற யாரு?" வேறு யாரும் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்தார்.

நிலையம் இன்றும் நடக்கிறது. புதிதாக ஒருவர் வந்து ஐந்தே முக்காலுக்கு வணக்கம் சொல்கிறார். எந்த வீட்டிலும் கேட்பதில்லை, யாரும் புகார் எழுதவில்லை. அவள் அன்றைக்கு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து, சுவரில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டாள். சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.