மில்லுக்காரர் இரத்தினசிங்கம்

ஏவன்டேல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த யசீகரனின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது. வெட்டுப்பட்டவன்போலத் திரும்பினான். ஓக்லாந்துக்கு வந்து வருசங்கள் போயும் தோளில் கை விழுந்தால் அப்படித்தான் திரும்புகிறான்.

செல்வராஜ் நின்றார். தஞ்சாவூரில் கணக்குப் பார்த்த மனுசன். இங்கே மனுரேவாவில் ஒரு தோல் கிடங்கில் யசீகரனோடு சேர்ந்து உப்புத் தோல் புரட்டுகிறார்.

"என்னடா மகனே, அப்பாவைப் பாத்தா வணக்கம் சொல்ல மாட்டியா?"

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை."

"நெசமாத்தான்யா. இனிமே நான்தான் உங்கப்பா. அமெரிக்காக்காரன் ஒருத்தன் டி.வி. படம் எழுதியிருக்கான்ல, அதுல எனக்கு வேசம் குடுத்துட்டாங்க. சாவகச்சேரி மில்லுக்காரர் இரத்தினசிங்கம்! ஊரும் கடைசிப் பேரும் உன்னுதாச்சேன்னு அப்பவே நெனச்சேன். வீட்ல எம்பொண்டாட்டி சிரிக்கிறா, மிக்ஸியே போடத் தெரியாது, இவருக்கு மில்லாம்னு."

யசீகரன் சிரிக்கவில்லை. செல்வராஜ் பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் தட்டச்சு. அரிசி மில். தவிட்டறை. காயப்பட்ட இரண்டு இயக்கப் பெடியளைத் தவிட்டுக்குள் புதைத்துவிட்டு, வாசலில் நின்று ஆமிக்காரருக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறார் கிழவர். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகனுக்கு மட்டும் ரவி என்று வேறு பெயர்.

எல்லாம் அந்த அமெரிக்காக்காரனிடம் அவன் வாயால் சொன்னது.

அவன் அப்பா இரத்தினசிங்கம் இப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருக்கிறார். பொலிஸில் பெயர் பதிந்துவிட்டு, நியூசிலாந்து விசாவுக்குக் காத்திருக்கிறார். தமிழன் என்பதற்காகவே லொட்ஜ் லொட்ஜாக ஏறிப் பிடித்துக்கொண்டு போகிற காலம். தவிட்டறைக் கதையும் சேர்ந்தால் கொண்டுபோனவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

"அண்ணை, இந்தத் தாளை ஆர் ஆர் பாத்தவை?"

"நடிக்கிற எல்லாரும்தான். ஏன்யா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

வெண்டைக்காய்ப் பையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு, தாள்களோடு காருக்கு ஓடினான்.

ஹில்ஸ்பரோவில், படம் எழுதிய அந்த அமெரிக்காக்காரர் கிம்ஸியின் வாடகை வீட்டுப் புல்லைச் சனிக்கிழமைகளில் யசீகரன்தான் வெட்டுவான். கவிஞன் என்றால் மெல்லிய விரல் இருக்கும் என்று நினைத்திருந்தவன் அவன். கிம்ஸிக்கு வலது கையில் இரண்டு விரல்கள் பாதியில் நின்றன. அமெரிக்காவில் ஒரிகன் பக்கம் மரம் அரியும் ஆலையில் வாள் தின்றது. அங்கே நின்றுகொண்டு எழுதிய கவிதைகள் புத்தகமாகிப் பரிசு வாங்கின. அந்தப் பரிசைப் பிடித்துக்கொண்டு சினிமாவுக்குப் போனார். அங்கே காலமெல்லாம் மற்றவன் எழுதிய வசனத்தைத் திருத்திக் கொடுக்கிற வேலை. திரையில் பெயர் வராது. செலவு குறைவென்று ஓக்லாந்தில் எடுக்கும் இந்தப் படத்தில்தான் முதன்முறையாக அவர் பெயர் தனியாக வரப்போகிறது.

அந்த வெட்டுப்பட்ட கையை நம்பித்தான் யசீகரன் கதை சொன்னான். உழைத்து முறிந்த கை காட்டிக்கொடுக்காது என்று நினைத்தான்.

கிம்ஸி கதவைத் திறந்தார். இங்கிலீசில் சண்டை பிடிக்க யசீகரனுக்குச் சொல் போதாது. தாளை நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"என்ர அப்பாவின்ர பேர் இதில இருக்கு."

"உன் பேரை மாத்திட்டேனே யசி. அது உங்க குடும்பப் பேருதானே? கிடங்கிலயும் உன்னை மிஸ்டர் இரத்தினசிங்கம்னுதான் கூப்பிடுறாங்க. நிறையப் பேருக்கு அந்தப் பேர் இருக்குன்னு நீயும் சொன்னியே."

சொன்னான்தான். ஏன் கேட்கிறார் என்று யோசிக்காமல் சொன்னான். விமான நிலையத்தில் குடும்பப் பெயர் கேட்டபோது எல்லாரையும்போல அவனும் தகப்பன் பெயரை எழுதிக் கொடுத்தான். அன்றிலிருந்து இந்த நாடே அவனைத் தகப்பன் பெயரால் கூப்பிடுகிறது.

"எங்களுக்குக் குடும்பப் பேர் இல்லை. அது ஒரு ஆளின்ர பேர். உயிரோட இருக்கிற ஆள்."

கிம்ஸி கதிரையில் உட்கார்ந்தார். பாதி விரல்களால் முகத்தைத் தேய்த்தார்.

"பேரை எடுத்துடுறேன்."

"அது மட்டும் காணாது. மில்லு, தவிட்டறை, தேத்தண்ணி, எல்லாம் எடுக்கோணும். சாவகச்சேரியில தவிட்டறையில ஆக்களை ஒளிச்சது ஆரெண்டு அங்க விசாரிச்சா ஒரு நாள் காணும்."

"அந்தக் காட்சிக்காகத்தான் கம்பனிக்காரன் படத்துக்குச் சம்மதிச்சான், யசி. அது போனா மிச்சமா என்ன இருக்கு?"

யசீகரன் தாளை மேசையில் வைத்தான். கிம்ஸி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கேட்காமலே சொன்னார்.

"என் தம்பி, எங்கம்மா செத்தப்ப பெட்டி அடிக்க ஆலையில பலகை திருடினான். அதைத்தான் நான் கவிதையா எழுதினேன், அவன் பேரோட. அதுக்குத்தான் பரிசு. அவனுக்கு வேலை போச்சு. அப்புறம் சாகிறவரைக்கும் என்கூடப் பேசவே இல்ல."

"பிறகு அந்தப் பேரை எடுத்தனீங்களோ?"

கிம்ஸி எழும்பிப்போய்ப் பேனாவை எடுத்துவந்து, தாளில் இரத்தினசிங்கம் என்று வந்த இடத்தையெல்லாம் அடித்தார். மில்லை அடித்தார். தவிட்டறையில் பேனா நின்றது. அதன்மேல் கோடு போடக் கை வரவில்லை. கொஞ்சநேரம் கழித்து அதையும் அடித்துவிட்டு, மேலே மரத்தூள் கொட்டகை என்று எழுதினார். யசீகரன் கடைசித் தாள்வரை புரட்டிப் பார்த்தான்.

"மற்றப் பிரதியள்?"

"நாளைக்கு எல்லாத்தையும் திருப்பி வாங்கச் சொல்றேன்." பேனாவை மூடியபடி கிம்ஸி குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் இங்க இல்ல. வெளிப்புறக் காட்சிகளை இலங்கையிலயே எடுக்க அனுமதி கேட்டு, போன வாரம் கொழும்புக்கு அனுப்பிட்டாங்க."

"கொழும்பில ஆருக்கு?"

"அரசாங்கத்துக்கு."

கிம்ஸி தொலைபேசியை அவன் பக்கம் தள்ளினார்.

நம்பர் மனப்பாடம். அங்கே விடிந்து கொஞ்சநேரம்தான் ஆகியிருக்கும். நெடுநேரம் அடித்து, லொட்ஜ்காரர் எடுத்தார்.

"ஆர் வேணும்?"

யசீகரனுக்கு வாய் திறந்தது, பெயர் வரவில்லை. இந்தக் கம்பியில் வேறு யார் காது வைத்திருக்கிறார்களோ.

"மேல்மாடியில... மூலை அறையில இருக்கிறவர். இருமுறவர்."

"மூலை அறையில நாலு பேர் இருக்கினம், நாலு பேரும் இருமினம். பேரைச் சொல்லுமன் ஐசே."

"நான் நியூசிலாந்திலயிருந்து..."

"ஓ, அவரோ!" ரிசீவர் பலகையில் பொத்தென்று விழுந்தது. லொட்ஜ்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "இரத்தினசிங்கத்தார்! சாவகச்சேரி இரத்தினசிங்கத்தார்! நியூசிலாந்து ரெலிபோன் கோல்!"

யசீகரன் கண்ணை இறுக மூடினான். படியில் செருப்புச் சத்தம். இருமல். பிறகு மூச்சு வாங்குகிற குரல்.

"தம்பி?"

"அப்பா, ஒண்டும் கேளாதேங்கோ. உடுப்பை எடுத்துக்கொண்டு இப்பவே அந்த லொட்ஜை விட்டு வெளிக்கிடுங்கோ."

மறுமுனையில் கிழவரின் குரல் சின்னப்பிள்ளையைப்போல எழும்பியது.

"விசா வந்திட்டுதோ, தம்பி?"