ஐந்து கஜம் குறைந்த பந்து

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கக் கெண்ட்ரெல் மேய்ஸ் ஓட ஆரம்பித்தால் கிழக்கு டெக்சாஸில் அவன் மாவட்டம் முழுக்க அவனைத் தொட ஆள் கிடையாது. இது பைன் பிராஞ்ச் ஊருக்கே தெரியும். ஆட்டத்தைப் படம் பிடித்த கேமராவுக்கு மட்டும் தெரியாது.

படத்தில் என்ன தெரியும்? பதினேழு வயதுப் பையன் எதிராளியை நாலு கஜம் பின்னால் விட்டுவிட்டுப் பறப்பான். அப்புறம் திடீரென்று வேகம் குறைந்து, திரும்பி நின்று, பந்துக்குக் கையை நீட்டுவான். அதற்குள் பின்னால் வந்தவன் எட்டிப் பிடித்துவிடுவான். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பையனுக்குக் கடைசி வரை கால் வராது என்றுதான் நினைப்பான்.

வராதது கால் இல்லை, பந்து! எறிகிறவன் கோல்ட்டன் ரஸ்க். பள்ளி அணியின் தலைமைக் கோச் ஹாய்ட் ரஸ்க்கின் மகன். நாற்பது கஜம் போக வேண்டிய பந்து முப்பத்தைந்திலேயே தொப்பென்று விழும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பொன் குஞ்சுக்காக மற்றவன் காலைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சுருக்கச் சொல்லிக்கொடுத்தவர் வெர்லன் காடிஸ். பந்து பிடிக்கும் பையன்களுக்கு அவர்தான் கோச், பத்தொன்பது வருடமாக. "முப்பது தாண்டினதும் வேகத்தைக் கொற, திரும்பி நில்லு" என்று இரண்டு வருடம் பழக்கினார். பையனும் சொன்ன சொல் தட்டாமல் பழகினான்.

செவ்வாய்க்கிழமை காலை பல்கலைக்கழகத்திலிருந்து பெர்ரிமன் வந்தார். ஆள் எடுக்கிறவர். அவர் அணியில் பந்து பிடிப்பவனுக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கிடைத்தால் நாலு வருடப் படிப்பும் இலவசம். கெண்ட்ரெலைத் தேடி இதுவரை வேறு எந்தப் பல்கலைக்கழகமும் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

பெர்ரிமன், ஹாய்ட், வெர்லன் மூன்று பேரும் உடைமாற்றும் அறைக்குப் பக்கத்து அறையில் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஹாய்ட் சூரியகாந்தி விதை மென்று தொலியைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார்.

"கை அருமை" என்றார் பெர்ரிமன். "ஆனா பாருங்க, மறுபடியும் நிக்கறான். ஒம்போது தடவை எண்ணிட்டேன்."

"நாப்பது கஜத்த நாலரை செகண்டுல ஓடுவான் சார்" என்றார் ஹாய்ட்.

"அட போங்க கோச்! நான் போற ஊர்ல எல்லாம் நாலரைதான். கேன்டீன்ல சோளரொட்டி சுடற அம்மா ஓடினாலும் உங்க ஸ்டாப்வாட்ச் நாலரை காட்டும்." பெர்ரிமன் படத்தை நிறுத்திவிட்டு வெர்லன் பக்கம் திரும்பினார். "அவன ஓடவிட்டுப் பாக்க எங்க விதிமுறையில எடமில்ல. தெனம் பாக்கறவர் நீங்க. நீங்க சொல்லுங்க. கால் இல்லையா, பந்து வரலையா?"

ஹாய்ட் மெல்லுவதை நிறுத்தினார்.

வசந்தம் வந்தால் வெர்லனின் வேலை நீடிக்குமா என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். 'பந்து வரலை சார்.' மூன்றே சொல். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார் மனுஷர்?

"கடைசியில... கால் கொஞ்சம் தளந்துரும் சார்" என்றார் வெர்லன்.

பெர்ரிமன் நோட்டை மூடினார். "நான் பந்துதான் கொறையுதுன்னு நெனச்சேன். சொந்தக் கோச்சே சொல்றப்ப நான் யாரு?"

"ஒரு அஞ்சு நிமிஷம் சார், கோல்ட்டன் படமும் தயாரா இருக்கு" என்று ஹாய்ட் எழுந்தார்.

"அதான் இவ்வளவு நேரம் பாத்தேனே" என்றார் பெர்ரிமன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்தாயிற்று. மேய்ந்த வேலிக்காவது வயிறு நிறைந்ததா என்றால் அதுவும் இல்லை. வெர்லனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அறைக்கு வெளியே நடையில் கெண்ட்ரெல் காத்திருந்தான். பெர்ரிமன் வருகிறார் என்று தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன சொன்னார் கோச்?"

"கை அருமைன்னார்."

"ஓட்டம்?"

வெர்லன் சாவிக்கொத்தை உருட்டினார்.

"நான் எதுக்கு நிக்கறேன்னு சொல்லிட்டீங்கல்ல கோச்? ராத்திரி அம்மாவுக்கு ஒரே கவலை. நான்தான் சொன்னேன், காடிஸ் கோச் உள்ள இருப்பார், அவருக்குத் தெரியும்னு."

"சொன்னேன்" என்றார் வெர்லன். "போ, டிரஸ் மாத்து."

அன்று மாலைப் பயிற்சியில் கெண்ட்ரெல் என்றைக்கும் இல்லாத வேகத்தில் புறப்பட்டான். காவலுக்கு ஓடியவன் நாலு கஜம் பின்தங்கினான். முப்பது தாண்டியதும், பழக்கியபடியே, வேகத்தைக் குறைத்துத் திரும்பி நின்றான். 'நிக்காதடா, ஓடு!' என்று கத்த வாய்வரை வந்தது வெர்லனுக்கு. பக்கத்தில் ஹாய்ட் நின்றுகொண்டிருந்தார்.

வெர்லன் கை தட்டினார்.