விசில் மிஸ் வீட்டுக்குப் போன் போட்டார்கள்

எங்கள் முகாமிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிப்போவதைவிட பேங்க் லாக்கரை உடைப்பது சுலபம் என்று பெற்றோர்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசட்டும். அந்த விதியைப் போட்டவளே நான்தான். வாசலில் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும், "யாரு வேணும்? என்ன உறவு?" என்று கேட்போம். அதோடு விட மாட்டோம். பிள்ளையைக் கூப்பிட்டு, "இவங்கள உனக்குத் தெரியுமா? இவங்ககூடப் போறியா?" என்று கேட்போம். பிள்ளை தன் வாயால் "தெரியும், போறேன்" என்று சொன்னால்தான் கதவுச் சங்கிலி இறங்கும். தலையை ஆட்டினால் செல்லாது. போன வாரம் ஒருத்தி, ஐஸ்கிரீம் வாங்கித் தராத கோபத்தில், பெற்ற தகப்பனையே ஏற இறங்கப் பார்த்து "யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டாள். பாவம், அந்த மனுஷன் ஆபீஸ் பையோடு கடைக்கு ஓடி, ஐஸ்கிரீமோடு திரும்பி வந்த பிறகுதான் மறுபடி அப்பா ஆனார்.

எங்கள் தொண்டு நிறுவனம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சோபா விற்ற கடை. முன்பக்கக் கண்ணாடியில் "இன்றே கடைசி" என்று அவர்கள் ஒட்டிவிட்டுப் போன எழுத்தைச் சுரண்டிச் சுரண்டி என் நகம் போனதுதான் மிச்சம். பள்ளிக்கூடம் நடக்கும்போது சாயங்காலங்களில் வீட்டுப்பாடமும் விளையாட்டும். கோடை விடுமுறை விட்டால் காலையிலிருந்தே முகாம். எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில் மிஸ். கழுத்தில் விசில் தொங்குவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விசில் தொலைந்துபோன வாரத்திலும் அதே பெயர்தான் ஓடியது.

முகாம் முடிவதற்கு முந்தைய நாள் தலைகீழ் நாள். அன்றைக்குப் பிள்ளைகள் பெரியவர்கள், நாங்கள் பிள்ளைகள். வரிசையில் நிற்க வேண்டும், பாத்ரூம் போகக் கை தூக்க வேண்டும், சாப்பாட்டுக்குப் பின் பாயில் சத்தம் போடாமல் படுக்க வேண்டும். இந்த யோசனையும் என்னுடையதுதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

இந்த வருஷம் பிள்ளைகள் ஓட்டுப் போட்டு என் நாற்காலிக்குத் தேர்ந்தெடுத்தது ஜட்ஜம்மாவை. ஒன்பது வயது. இரண்டு பேர் ஒரு பந்துக்கு அடித்துக்கொண்டால் இவளிடம்தான் வழக்கு வரும். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, பந்தை மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துவிடுவாள். காலையில் என் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் கையை வைத்து நின்றாள். நான் அப்படி நிற்பேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கோ அன்றைக்கு மனசே சரியில்லை. மறுநாள் காலை என் அக்காவும் அத்தானும் மகன் இருக்கும் தேசத்துக்கு ஒரேயடியாகக் குடிபோகிறார்கள். எங்களுக்குள் போன வருஷத்திலிருந்து பேச்சு கிடையாது. ஒரு விருந்தில் யாரோ நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, "ஊர்ப் பிள்ளைங்களுக்கு மூக்கு துடைக்கற வேலை" என்றாள். பந்தியே சிரித்தது. நான் சும்மா இருப்பேனா? "அத்தான் தலைக்கு மாசாமாசம் கருப்படிச்சு விடறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்றேன். தன் முடி பிறவியிலேயே கருப்பு என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்த அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அவ்வளவுதான். அவள் கூப்பிடட்டும் என்று நான், நான் கூப்பிடட்டும் என்று அவள். ஆரம்பித்தவள் அவள். மூத்தவளும் அவள். நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும்? அவர்கள் கிளம்பும் தேதியே என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகட்டும், மகராசியாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் காலையிலிருந்து கை மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போன டப்பால போடுங்க" என்றாள் ஜட்ஜம்மா. வாசலில் போன்களுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா உண்டு.

"எனக்கு ஒரு அவசரமான கால் வரணும்மா."

"பிள்ளைங்களுக்கு என்ன அவசரமான கால்?"

நான் தினமும் சொல்லும் அதே வார்த்தை, அதே ராகம். பக்கத்தில் கோச் தன் போனைப் போட்டுவிட்டு சமத்தாகக் கைகட்டி நின்றிருந்தார். ஆறடி உயரம், விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். தலைகீழ் நாளில் அவரைப் பார்க்கக் கண் கூசும். அப்படி ஒரு சந்தோஷம். "ஜட்ஜம்மா, விசில் வரிசைல தள்றா" என்று கோள் வேறு சொன்னார். நான் தள்ளவில்லை. கொஞ்சம் நகர்ந்தேன்.

படம் வரையும் நேரத்தில் அவர் யானை ஒன்றை வரைந்துகொண்டு, நாக்கை வெளியே நீட்டியபடி, "மிஸ், உங்க அக்கா நாளைக்கா கிளம்பறாங்க? போய்ப் பாத்தீங்களா?" என்றார். அப்போதுதான் தூரிகை கழுவும் தண்ணீர் அவர் யானைமேல் கொட்டியது. கை தவறிப் பட்டது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். யானை கரைந்து ஓடியது. கோச்சின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது.

விசில் ஊதியது. "சாரி கேளுங்க."

"தெரியாமப் பட்டதுக்கு எதுக்கு சாரி?"

"அமைதி மூலை" என்று கையை நீட்டினாள் ஜட்ஜம்மா.

அமைதி மூலை என்பது கோபம் வந்த பிள்ளை ஆறும்வரை உட்காரும் இடம். ஒரு மெத்தைப் பையும், சுவரில் வரிசையாக ஒட்டிய முகப் படங்களும் இருக்கும். அந்த மெத்தைப் பையில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பது அவரவர் முட்டியைப் பொறுத்தது. நான் அமிழ்ந்துபோனேன். ஜட்ஜம்மா எதிரில் குந்தி உட்கார்ந்து, "எந்த முகம்?" என்றாள். சிவப்பாக இருக்கும் கோப முகத்தைத் தொட்டேன்.

"அது கோச்சோடது. யானை போனது அவருக்குத்தானே? உங்களோடது எது?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண்ணீர் வழியும் நீல முகத்தை விரல் தானாகப் போய்த் தொட்டது. நாளை இந்நேரம் அவள் வானத்தில் இருப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாள். என்னால் அதைத் தாங்க முடியாது. முடியவே முடியாது.

"சரி, வீட்டுக்குப் போன் போட்டுடலாம்" என்றாள் ஜட்ஜம்மா. எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள்.

இதுவும் எங்கள் வழக்கம். பிள்ளை அழுதால் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. என் போன் பூட்டைத் திறக்கும் கோடு முகாமில் எல்லாப் பிள்ளைக்கும் அத்துப்படி. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மெத்தைப் பை விடவில்லை.

"என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருப்பார்" என்று கத்தினேன்.

"அவர் வேண்டாம். அவர் உங்களுக்குப் பயப்படுவார்னு நீங்கதான் சொன்னீங்க. உங்களைவிடப் பெரியவங்க வேணும்." விரல் திரையில் ஓடியது. "அக்கான்னு இருக்கே. அக்கான்னா பெரியவங்கதானே?"

அடி பாதகத்தி. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர்முனையில் எடுத்துவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஜட்ஜம்மா என் குரலை வரவழைத்துக்கொண்டு பேசினாள்.

"வணக்கம், முகாம்லேருந்து பேசறோம். பதட்டப்படாதீங்க, உங்க தங்கச்சி நல்லா இருக்காங்க. ரத்தமெல்லாம் இல்ல."

போன் பண்ணுபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் வாக்கியம் இது. இதைக் கேட்டுப் பதறாத தாயை நான் பார்த்ததில்லை.

"முதல்ல நல்ல விஷயம். இன்னைக்குக் கேரட்ட மிச்சம் வைக்காம சாப்பிட்டாங்க. அப்புறம், கோச்சோட யானைமேல தண்ணி கொட்டிட்டாங்க. சாரி கேக்க மாட்டேங்கறாங்க. இப்ப மூலைல உக்காந்து அழறாங்க."

"நான் ஒண்ணும் அழல" என்றேன்.

"அழலையாம். ஆனா மூக்கு ஒழுகுது. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வெச்சுட்டாங்க."

வைத்துவிட்டாள். வைக்காமல் என்ன செய்வாள்? ஊரைக் காலி செய்கிறவளுக்கு ஆயிரம் வேலை. இதில் யானையாம், கேரட்டாம். மானம் கப்பலேறிவிட்டது. அப்புறம் கோச் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "வேற யானை வரைஞ்சுக்கறேன், விடுங்க" என்றார். அப்போது சாரி கேட்டேன். நிஜமாகத்தான் கேட்டேன்.

பிஸ்கட் நேரத்துக்குப் பிள்ளைகள் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் ஒரு முழம் முழங்கையில் ஒட்டிக்கொண்டு ஆடியது. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அத்தானுடையது. "இன்றே கடைசி"க்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினாள்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஜட்ஜம்மா நின்றாள். "யாரு வேணும்?"

"என் தங்கச்சி."

"என்ன உறவு?"

"இப்பத்தானேம்மா சொன்னேன், தங்கச்சின்னு. எங்க அவ? என்ன ஆச்சு அவளுக்கு?"

கோச் கைகொடுத்து என்னை மெத்தைப் பையிலிருந்து பிடுங்கினார். வாசலுக்குப் போய் நின்றேன். முகாமே எங்களைப் பார்த்தது.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஜட்ஜம்மா. "இவங்ககூடப் போறீங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டினா செல்லாது."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் இளைத்திருந்தாள். அல்லது டேப்போடு பார்த்ததால் அப்படித் தோன்றியதோ என்னவோ. "சொல்லேன்டி" என்றாள். "தெரியாதுன்னு சொல்லிடாத. ஐஸ்கிரீம் வேணும்னா வாங்கித் தரேன்."

அந்த ஐஸ்கிரீம் கதை அவளுக்கு எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரர் அத்தானிடம் சொல்லி, அத்தான் இவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாத நாளெல்லாம் என்னைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், திருடி.

"தெரியும்" என்றேன். "என் அக்கா. போறேன்."

சங்கிலி இறங்கியது. அக்கா உள்ளே வந்து, முந்தானையை இழுத்து என் மூக்கைத் துடைத்தாள். அழுத்தி, வலிக்க வலிக்கத் துடைத்தாள்.

"இதுக்குப் பேருதான் ஊர்ப் பிள்ளைங்களுக்குச் செய்யற வேலை" என்றேன்.

"வாய மூடு" என்றாள். "அத்தான் சாயம் பூசறத விட்டுட்டாரு தெரியுமா? உன்னாலதான்."

"எப்படி இருக்கார்?"

"அவங்க அப்பா மாதிரி இருக்கார்."

சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு, சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுடுங்க" என்றாள் ஜட்ஜம்மா.

அக்கா அவள் முன் குனிந்தாள். "நாளைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேனே, கண்ணு. ரொம்ப தூரம் போறேன்."

ஜட்ஜம்மா யோசித்தாள். வழக்கின் இரண்டு தரப்பையும் பார்த்தாள். "அப்போ பிஸ்கட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றாள். "இப்பவே கூட்டிட்டுப் போங்க. நான் பெர்மிஷன் தரேன். ஆனா ரோடு தாண்டற வரைக்கும் கைய விடக் கூடாது."

ஆட்டோ அதற்குள் போய்விட்டிருந்தது. பஸ் நிறுத்தம் எதிர்ப்புறம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டேப் என் மணிக்கட்டிலும் ஒட்டியது. அத்தான் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் பட்டுப் பட்டென்று அடிக்க, ரோட்டைத் தாண்டினோம்.

"தாண்டியாச்சு" என்றாள் அக்கா.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவில் யாரும் இல்லை. பிஸ்கட் வந்திருக்கும், எல்லாரும் உள்ளே ஓடியிருப்பார்கள்.

"விடாதக்கா" என்றேன். "அவ பாத்துட்டு இருக்கா."